ஊமைக் குழாயோடு மாமல்லபுரம் போய் வந்தது

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் கண்டக்டர் எனக்கு டிக்கெட் காசு வேண்டாம் என்றார். என் மடியில் இருந்த குழாய் ஸ்பீக்கருக்கு வேண்டும் என்றார். பெண்களுக்கு இலவசம் என்று பஸ்ஸின் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது.

"இதுவும் பொம்பளதாம்பா. என் கொரல்லதான் பேசும்" என்றேன்.

"எங்க, பேசச் சொல்லு பாக்கலாம் ஆயா."

அங்கேதான் சிக்கல். பேசாமல் போனதால்தான் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தேன். லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். என்னை ஆயா என்றவருக்குத் தலை முழுக்க நரை.

படாளத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே பெண்கள் பால் சொசைட்டிக்கு நான் தலைவி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கையெழுத்துப் போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும், யாரும் குறை சொன்னதில்லை.

சொசைட்டியில் ஒரு பெட்டி உண்டு. கொண்டுவருகிற பாலில் சின்னக் கிண்ணம் எடுத்து அதன் மூக்கடியில் வைத்தால், உறிஞ்சிப் பார்த்து, பால் எவ்வளவு கெட்டி என்று டிகிரி கண்டுபிடிக்கும். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் வெளியே கம்பத்தில் கட்டிய குழாய்க்குப் போகும். பால் நன்றாக இருந்தால் குழாய், "சரி, போய்ட்டு வா" என்னும். தண்ணீர் கலந்திருந்தால், "இன்னா இது? தண்ணில பால ஊத்தி எடுத்தாந்துகிறியா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தும். இரண்டும் என் குரல். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவர் மதுராந்தகத்துப் பக்கம் டிப்ளமா படித்தவர். ஏதாவது பேசுங்கள் என்று அவர் மைக்கை நீட்டிய நேரத்தில் எங்கள் தெருக் கோமளா சொம்போடு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் வாயில் வந்ததைப் பேசினேன். அவர் அதையே வைத்துவிட்டார்.

மாட்டுக்குத் தண்ணி காட்டுவார்கள். எங்கள் ஊரில் பாலுக்கும் காட்டுவார்கள். குழாய் கட்டிய பிறகு அது நின்றது. டிகிரியைச் சீட்டில் எண்ணாக எழுதிக் கொடுத்தால் யாருக்கு வெட்கம்? மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடலாம். அதையே பஸ்ஸுக்கு நிற்கிற சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி சொன்னால், விஷயம் வேறு.

போன மாதம் சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். உள்ளே இருப்பது பழசு, திருடன் புகுந்துவிடுவான் என்று சொல்லி, புதுசு போட்டுவிட்டுப் போனார். பழைய டிஸ்க்கைப் பாலிதீன் பையில் கட்டிச் செல்வி கையில் கொடுத்தார். செல்விதான் எங்கள் பெட்டியை இயக்குகிறவள். புதுசு போட்டதும் டிகிரி திரையில் வந்தது. குழாய் ஊமையாகிவிட்டது. ஒரு வாரம் ஆகவில்லை, கேனில் குனிந்து முகம் பார்க்கலாம் போலப் பால் தெளிந்துவிட்டது. பால் ஏற்ற வருகிற வண்டிக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்டியே போச்சுன்னா வண்டி உங்க ஊர்ல நிக்காது பெரிம்மா. மேல சொல்லிட்டாங்க" என்றார். வண்டி நிற்காவிட்டால் சொசைட்டி இல்லை. சொசைட்டி இல்லாவிட்டால் நான் தலைவி இல்லை. ஊருக்காகப் பாதி, எனக்காகப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் சுகந்தி வீட்டில் உட்கார்ந்தபடி இந்த வேலைதான் பார்க்கிறாள். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் உள்ளே கர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். எந்தப் புரோகிராமும் தன் பாட்டுக்கு ஒயரில் செய்தி அனுப்ப முடியாது. கர்னலைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கர்னலில் ஒயர் பக்கத்து வேலையை உலகத்தில் பல ஊர்களில் இருக்கிறவர்கள் சேர்ந்து கவனிக்கிறார்கள். இவளும் அதில் ஒருத்தி. சொசைட்டிக்கு ஒரு நாள் வந்து பார் என்றால் மீட்டிங் என்பாள். இப்போதுதான் முதல் தடவையாகச் செல்வியிடம் போனில் விசாரித்தாள்.

"அத்த, உங்க புரோகிராம் பழைய மொறையில கேக்குது. கர்னல்ல அதுக்குன்னு ஒரு வாசல் இருந்துது. புதுசுல அத எடுத்துட்டாங்க. அது போய்த் தட்டுது, அங்க செவுரு இருக்குது."

"புரோகிராமுக்குப் புது வாசலக் காட்டிவுடு."

"எழுதினவருதான் மாத்தணும். அவரு கிட்ட எழுதி வெச்ச மூலமே இல்லியாம். மழ வெள்ளத்துல கம்ப்யூட்டரே போச்சாம்."

"அப்ப வாசல எடுத்தவங்கள வெக்கச் சொல்லு."

எடுத்தவர்கள் அடுத்த வாரம் மாமல்லபுரத்தில் கூடுகிறார்கள் என்றாள். தானும் போவதாகவும், எங்கள் குறையை எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னாள். எழுதிக் கொடுப்பதாவது. எங்கள் சொசைட்டியில் புகார் சொல்ல வருகிறவள் பாத்திரத்தோடு வர வேண்டும். பாலைக் காட்டாமல் வாயை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் நான் காது கொடுப்பதில்லை. "நான் பொட்டியோட வரேன்" என்றேன். சுகந்தி சிரித்தாள். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். அவள் முன்னால் போய்விட்டாள். மறுநாள் நான் பெட்டியையும் பழைய டிஸ்க் பையையும் கோணியில் சுற்றி, குழாயை மடியில் வைத்துக் கிளம்பினேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாமல்லபுரம் குப்பத்துக்காரி. செங்கல்பட்டில் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறாள். கூடை காலி; வாசனை காலியாகவில்லை. பஸ் குலுங்கக் குலுங்கக் கூடையிலிருந்து கோணியின்மேல் சொட்டிக்கொண்டே வந்தது. துடைப்பதற்காகக் கோணியை விலக்கினவள், திரையில் சந்தனமும் குங்குமமும் இருப்பதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமிப் பொட்டியா அக்கா?"

இல்லை என்று விளக்கினேன். பழைய டிஸ்க் இருந்தவரை, காலையில் பெட்டியைப் போட்டதும் திரையின் அடியில் இங்கிலீஷில் ஒரு வரி வரும். வணக்கம் சொல்கிறது என்று செல்வி சொல்வாள். மிஷினாக இருந்தாலும் மரியாதை தெரிந்த மிஷின். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்த வரி வரும் இடமாகப் பார்த்துச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்போம். புதுசு போட்டதிலிருந்து, சந்தனத்தின் ஓரத்தில் மினுங்குகிற அந்த வணக்கமும் போயிற்று.

"மரியாத போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றாள் குப்பத்துக்காரி.

திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் டயர் உட்கார்ந்துவிட்டது. எல்லாரையும் இறக்கி டீக்கடை நிழலில் நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் வண்டி நின்றால் இறங்கினவர்கள் டிரைவரைத் திட்டுவார்கள். இங்கே மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பிறகு திட்டினார்கள். குழாயைப் பார்த்தவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்டார்கள். ஒரே பதிலைச் சொன்னால் எனக்கு அலுக்கும். டீக்கடைக்காரரிடம் அம்மன் கோயிலுக்கு என்றேன். டீ இலவசமாக வந்தது. வேட்டி கட்டிய ஒருவரிடம் தேர்தலுக்கு என்றேன். எந்தக் கட்சி என்றுகூடக் கேட்காமல் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அவர் இருந்த இடத்தில் பெட்டியை வைத்தேன். ஒரு பெண்ணிடம் மட்டும், வெளிநாட்டுக்காரர்களோடு சண்டை போடப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

வேறு பஸ் வந்தது. அதில் கண்டக்டர் இளவட்டம், கையில் டிக்கெட் மிஷின். எங்கே என்றார். ரிசார்ட்டின் பெயரைச் சுகந்தி சொல்லியிருந்தாள்; இங்கிலீஷ் பெயர், பாதி வழியிலேயே வாயிலிருந்து நழுவிவிட்டது. ஆனால் இடம் எனக்குத் தெரியும். முன்பு அங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறேன். "சவுக்குத் தோப்பு" என்றேன்.

மிஷினைத் தட்டிப் பார்த்தார். "அப்டி ஸ்டாப்பே இல்ல ஆயா."

"நீ பொறக்கறதுக்கு மின்ன இருந்துது."

"இப்ப மிஷின்ல இல்லியே."

குப்பத்துக்காரி கூடைக்கு மேலிருந்து தலையை நீட்டினாள். "சவுக்குத் தோப்புன்னா, அந்தப் பெரிய கேட்டு போட்ட ரிசார்ட்டுதாம்பா. எங்க ஊர்ல எல்லாரும் தோப்புன்னுதான் எறங்குவாங்க." கண்டக்டர் மிஷினில் வேறு ஏதோ பெயரை அமுக்கி டிக்கெட் கொடுத்தார். நான் சவுக்குத் தோப்பில்தான் இறங்கினேன். அங்கே ஒரு சவுக்கு மரமும் இல்லை.

வாசலில் காவலாளி என்னை நிறுத்தி மூக்கைச் சுளித்தார். "மீனெல்லாம் பின்னாடி கேட்டு வழியா எடுத்துக்கினு போம்மா."

"மீனில்லப்பா. கர்னல்."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுகந்தி ஓடிவந்தாள். என்னையும் பார்த்தாள், கோணியையும் பார்த்தாள். "அத்த, நெஜமாவே வந்துட்டீங்களா" என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று நான் ஆராயவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான மேஜையில் முப்பது தினுசு. உள்ளங்கையில் பாதி அளவுக்கு இட்லி. எங்கள் வீட்டில் அதைக் குழந்தை கையில் கொடுத்து விளையாடச் சொல்வோம். சோளப் பொரிபோல ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுப் பச்சைப் பாலை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். காபியை வாங்கி ஒரு வாய் குடித்தேன். நாக்கு பொய் சொல்லாது. மேற்பார்வைக்கு நின்ற கோட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"பாலு எங்கேர்ந்து வருது தம்பி?"

"பாக்கெட் பால்மா. ஃபுல் கிரீம்."

"வந்த பெறகு இன்னா பண்றீங்க?"

"காய்ச்சி ஊத்தறோம். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாத ஒரு மேஜைக்கு வேகமாகப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எதிரில் வந்து உட்கார்ந்தவர் எழுந்தால் மின்விசிறி இடிக்கும்போல உயரம். வெளிநாட்டுக்காரர். பெயரைச் சொன்னார், என் வாயில் நிற்கவில்லை. மனசுக்குள் நெட்டையர் என்று வைத்துக்கொண்டேன். கத்தி, முள்கரண்டி வைத்து இட்லியை அறுத்துச் சாப்பிட்டார். பழைய வாசலை எடுத்தவர் இவர்தான் என்று சுகந்தி காதில் சொன்னாள். நான் அவருடைய தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். சண்டை போடப் போகிறவர் வயிறு நிறைந்திருப்பது நமக்கு நல்லது.

அவர் சொன்னதைச் சுகந்தி தமிழில் சொன்னாள். பழைய வாசல் ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டே போனால் கடைசியில் சுவரே இருக்காது. ஒவ்வொரு தடவை வீட்டைச் செப்பனிடும்போதும் அந்த வாசலையும் தூக்கி நிறுத்த வேண்டும். காவல் இல்லாத வாசல் வழியாகத்தான் திருடனும் வருகிறான். கேட்டபோது, அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தலையை ஆட்டிவிட்டேன். சுகந்தி என் காலை மிதித்தாள்.

"அது மட்டும் இல்லை. சொல்லாமல் எடுக்கவில்லை. அந்த வாசலில் எந்தப் புரோகிராம் வந்து தட்டினாலும் திரையில் ஒரு வரி வரும்படி முதலில் செய்தோம். இன்னும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், இதை எடுக்கப் போகிறோம் என்று. பல வருஷம் காத்திருந்தோம். ஒருவரும் எழுதவில்லை. ஆள் இல்லாத வீட்டுக் கதவைத்தான் எடுத்தோம்" என்றார் நெட்டையர்.

"எங்க தெரையில அப்டி ஒண்ணும் வரல" என்றேன். "வந்திருந்தா நான் சும்மா இருப்பனா?"

எங்கள் முறை மூன்றாம் நாள் என்றார்கள். அதனால் அன்று பகலில் ஊர் சுற்றினேன். மலைச் சரிவில் பெரிய உருண்டைக் கல் ஒன்று உருளாமல் நிற்கிறது. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையாம். ஜனங்கள் வரிசையாக வந்து, அதை முதுகில் தாங்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பால் விவரம் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவு வெண்ணெய் எடுக்க வேண்டுமானால் ஊரில் ஒருத்திகூடத் தண்ணீர் கலந்திருக்கக் கூடாது. குழாய் இல்லாமல் எப்படிச் சாதித்தார்கள் என்று வியந்தேன்.

கொஞ்ச தூரத்தில் பாறையில் ஒருவன் பசு கறந்துகொண்டிருக்கிறான். பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. கறக்கிறவன் உட்கார்ந்த தோரணை, முட்டிகளுக்கு நடுவே பாத்திரம், எல்லாம் சரி. பக்கத்தில் தண்ணீர்க் குடம் எதுவும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். இல்லை. சிற்பி நல்லவர், அல்லது விஷயம் தெரிந்து மறைத்துவிட்டார்.

கடற்கரையில் வஞ்சிரம் துண்டு ஒன்றை மசாலா தடவி எதிரிலேயே வறுத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஏரி விராலுக்கு ஈடு இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு வாங்கினேன். கடலைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இவ்வளவு தண்ணீர் இருந்தும் மாட்டுக்கு ஒரு வாய் காட்ட முடியாது.

மூன்றாம் நாள். பெரிய ஹால், ஏசியில் மார்கழிக் குளிர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எல்லார் மடியிலும் கம்ப்யூட்டர். அதன் முதுகில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் ஒட்டுவதுபோல் படம் படமாக ஒட்டியிருந்தார்கள். ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசுகிறார். எங்கள் சொசைட்டிக் கூட்டமாக இருந்தால் இந்நேரம் இரண்டு பேருக்குக் கொண்டை அவிழ்ந்திருக்கும்.

சுகந்தி எழுந்து என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கும்பிட்டேன். பெட்டியைக் கோணியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்ததும், முன் வரிசைக்காரர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். குப்பத்துக்காரியின் வாசனை இன்னும் இருந்தது.

"பாலு வேணும்" என்றேன்.

"எந்தப் பால் அத்த?"

"காபி மேஜையில கீதே, அதுதான். எதுக்கு அலையணும்?"

கோட்டுக்காரர் ஒரு கூஜாவில் கொண்டுவந்தார். முகம் சரியில்லை. வைத்துவிட்டுப் போயிருக்கலாம், போகாமல் சுவரோரம் நின்றார்.

முதலில் புதுசு. கிண்ணத்தை மூக்கடியில் வைத்தேன். பெட்டி உறிஞ்சியது. திரையில் எண் வந்தது. குழாய் வாயைத் திறக்கவில்லை. ஹாலில் யாரோ இருமினார்கள். நெட்டையர், பார்த்தேன் என்பதுபோல் தலையை அசைத்தார்.

சுகந்தி பெட்டியை நிறுத்திவிட்டுப் பழைய டிஸ்க்கை மாட்டினாள். திரும்பவும் போட்டோம். திரையில் எழுத்து மடமடவென்று ஓடி நின்றது. இன்னொரு கிண்ணம் பால். உறிஞ்சியது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. 

"இன்னா இது? தண்ணில பால ஊத்தி எடுத்தாந்துகிறியா?"

ஊருக்குக் கேட்க வேண்டிய குழாய் ஒரு ஹாலுக்குள் கத்தினால் எப்படி இருக்கும். முன் வரிசையில் ஒருவர் மடியிலிருந்து கம்ப்யூட்டர் நழுவியது. கதவோரம் நின்ற பரிமாறும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். கோட்டுக்காரர் கூரையில் எதையோ தேடினார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் சுகந்தியைப் பார்த்தார்கள். அவள் மொழிபெயர்த்தாள். மொழிபெயர்த்ததும் எல்லாருடைய தலையும் ஒன்றாகக் கையிலிருந்த காபிக் கோப்பைப் பக்கம் திரும்பியது.

சிரிப்பு அடங்கியதும் நெட்டையர் எழுந்து பெட்டியின் பக்கத்தில் வந்தார். குனிந்து திரையைப் பார்த்தார். அடியில் அப்பியிருந்த சந்தனத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"காலையில ஒரு வரி வந்து வணக்கம் சொல்லும். அந்த எடத்துக்குப் பொட்டு வெச்சுக்கறோம்னு சொல்லு."

சுகந்தி சொன்னாள். அவர் யோசித்தார். பிறகு ஈரத் துணி கேட்டார்.

"குளிச்சிட்டாரான்னு கேளு" என்றேன். குளித்துவிட்டதாகச் சொன்னார். துடைக்க அனுமதித்தேன். பல பூஜைச் சந்தனம், லேசில் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எழுத்து வெளியே வந்தது. நெட்டையர் அதை வாய்விட்டுப் படித்தார். ஹாலில் இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய காது மடல் சிவந்துவிட்டது.

"இன்னாடி சொல்றாரு?"

"அந்த அறிவிப்புதான் அத்த. இந்தப் புரோகிராம் பழைய வாசல்ல வருது, அத எடுக்கப் போறோம், இன்னும் வேணும்னா எழுதுங்கன்னு."

"யாருக்கு எழுதணுமாம்?"

வரியின் கடைசி எழுத்துகள் இன்னும் பாக்கி இருந்தன. நெட்டையர் திரையின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, தமிழ் தெரியாத வாயால் படித்தார். "சு-கன்-தி. ஆர்."

ரா. சுகந்தி. எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால் இருந்த பெயர்.

"வேலைக்குச் சேந்த புதுசுல எழுதினது அத்த" என்றாள் மெதுவாக. "முதமுதல்ல கொடுத்த வேலையே அதுதான். யாரும் எழுதலன்னு நானும் அப்டியே மறந்துட்டேன்."

"அப்ப இத்தினி வருஷமா நாங்க பூஜ பண்ணது உனுக்கா?"

"நீங்க ஒரு தடவ எனக்குக் காட்டியிருக்கலாம் இல்ல?"

"நீ ஒரு தடவ சொசைட்டிக்கு வந்திருக்கலாம் இல்ல? ரெண்டு தெரு தாண்டிதான கீது. எப்பப் பாரு மீட்டிங்குன்ன."

இதை மொழிபெயர்க்கச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள். அவள் மறுத்துவிட்டாள். பரிமாறும் பிள்ளைகளில் ஒருவன் கதவோரமாக நின்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தான். அதற்கு முதல் தடவையைவிடப் பெரிய சிரிப்பு.

பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். நான் குழாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரித்துவிட்டார்கள் என்பதால் வாசலைத் திரும்பத் தருவார்கள் என்று இல்லை. எங்கள் ஊரில் சிரித்துக்கொண்டே முடியாது என்பவர்கள் நிறைய. கடைசியில் நெட்டையர் என் பக்கம் திரும்பிப் பேசினார். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருக்கிறதாம். நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த ஒன்று நம்முடைய மாற்றத்தால் நின்றுபோனது என்று ஒரே ஒருவர் வந்து காட்டினாலும், தப்பு நம்முடையது. எழுதச் சொன்னோம், எழுதவில்லை என்று சாக்கு சொல்ல முடியாது. வாசலைத் திரும்ப வைத்துவிடலாம். ஆனால் பழையபடி காவல் இல்லாமல் இல்லை. வெளியில் இருந்து பார்த்தால் பழைய வாசல், உள்ளே நுழைந்தால் புது வழி, அப்படிக் கட்ட வேண்டும். யாராவது அதைக் கட்டி, விடாமல் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டால்.

ஹால் முழுக்கச் சுகந்தியைப் பார்த்தது. அவள் பெயர்தான் திரையில் மின்னிக்கொண்டிருந்ததே.

"நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன் அத்த" என்று உட்கார்ந்தாள். "எத்தன நாளைக்குன்னு கேக்கறாரு."

"நான் தலைவியா இருக்கற வரைக்கும்னு சொல்லு. எங்கம்மா தொண்ணூறு தாண்டி இருந்தாங்க, அதையும் சொல்லு."

இதை மட்டும் அவள் சரியாக மொழிபெயர்த்தாள் என்று நினைக்கிறேன். நெட்டையர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நாலாம் நாள் காலைச் சாப்பாட்டில் ஒரு சங்கதி நடந்தது. முன்தினம் ஹாலில் இருந்தவர்கள் குழாய் பேசியதைப் போனில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதையே மணியாகவும் வைத்துக்கொண்டுவிட்டார்கள். இட்லி மேஜையில் ஒரு போன், ரொட்டி மேஜையில் ஒரு போன், மாற்றி மாற்றி, "இன்னா இது? தண்ணில பால ஊத்தி எடுத்தாந்துகிறியா?" கோட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுத் திரும்பினார். அன்றைக்குக் காபியில் ஸ்பூன் நின்றது. இரண்டு வாங்கிக் குடித்தேன்.

பழைய டிஸ்க் தனக்குச் சோதனைக்கு வேண்டும் என்று சுகந்தி வைத்துக்கொண்டாள். வாசல் கட்டி முடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை குழாய் பேசாது என்றாள். ஊமையாகக் கொண்டுபோனதை ஊமையாகவே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மிஷின் வைத்திருந்த அதே இளவட்டக் கண்டக்டர். "இன்னா ஆயா, சவுக்குத் தோப்புல வேல முடிஞ்சுதா?" என்றார். குழாய்க்கு இந்தத் தடவை டிக்கெட் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சாயங்காலப் பால் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்தேன். கீழே வைத்தால் நசுங்கும் என்று, குழாயைக் கம்பத்திலேயே கட்டச் சொன்னேன். செல்வி ஏணி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒயரைக்கூட மாட்டவில்லை. வரிசையில் முதலில் நின்ற கோமளா அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா பெரிம்மா, சரி பண்ணிக்கினு வந்துட்டியா?"

"மாமல்லபுரம் வரிக்கும் போய் வந்துகீது" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கோமளா தன் சொம்பைப் பார்த்தாள். "அய்ய, வேற சொம்ப எடுத்தாந்துட்டேன்" என்று திரும்பிப் போனாள். அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் வீட்டில் ஏதோ ஞாபகம் வந்தது. மூவரும் திரும்பி வந்தபோது பால் நுரை கட்டி இருந்தது. மறுநாள் காலை வண்டிக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார், திரும்ப மூடிக் கேனை ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து பால் கெட்டியாகத்தான் வருகிறது. குழாய் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சுகந்தி ஊர் திரும்பி, பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாசல் கட்டிக்கொண்டிருக்கிறாள். நடுவில் தலையைத் தூக்கி, "இன்னும் தண்ணியாத்தான் வருதா அத்த?" என்று கேட்பாள். நான் பெருமூச்சு விடுவேன். குழாய் பேசாமலே வேலை நடக்கிறது என்று தெரிந்தால், இதற்கு எதற்கு வாசல் என்று நெட்டையருக்கு எழுதிப் போட்டுவிடுவாள். கெட்டிப் பாலில் காபி போட்டுக் கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள், புத்திசாலி. அதனால் அவள் வேலை முடியும்வரை, அவளுடைய காபிக்கு மட்டும் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து கொடுத்துவருகிறேன்.